அப்பாவின் ரேசர் என்ன உலோகம்?

பழைய வீடுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பலகை இருக்கும். அதன் மேல் சோப்புக் கிண்ணம், பிரஷ், படிகாரக் கட்டி, கூடவே திருகிக் கழற்றும் ஒரு ரேசர். பிளேடை மட்டும் மாற்றிக்கொண்டு, அந்த ஒரே ரேசரை ஆயுள் முழுக்க வைத்திருந்தவர்கள் நம் அப்பாக்களும் தாத்தாக்களும்.

சென்னையில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் அப்பாவும் அப்படித்தான். அவர் மறைந்த சில மாதங்கள் கழித்து, அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த ரேசர் கிடைத்தது. மூன்று பாகங்களாகக் கழன்று வரும் ஜில்லெட் ரேசர். சோப்பு படிந்து மங்கியிருந்தது. திருகு மரையில் பச்சைக் களிம்பு. கைப்பிடியில் ஓரிடம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

“கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்டி” என்றார் அம்மா.

“இரும்மா, இது என்ன உலோகம்னு முதல்ல பார்த்துடலாம்” என்றார் மகள்.

அந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் அதே புளி, வேறு உலோகத்தை அரித்துவிடும்.

ஜில்லெட் ரேசர் விற்பனைக்கு வந்தது 1903-ல். முதல் வருடம் விற்றவை வெறும் 51. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ரேசர் செய்ய அதிகம் பயன்பட்டது பித்தளைதான். துருப்பிடிக்காது, மரை வெட்டுவதும் சுலபம். அதன் மேல் நிக்கல், வெள்ளி அல்லது தங்க முலாம் பூசுவார்கள். ‘தங்க ரேசர்’, ‘வெள்ளி ரேசர்’ என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் உள்ளே பித்தளையே.

1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் ‘ஜமாக்’ என்ற கலவையைக் கொண்டுவந்தது. துத்தநாகத்தோடு அலுமினியம், மெக்னீசியம், செம்பு சேர்ந்த கலவை. உருக்கி அச்சில் ஊற்றினால் போதும், செலவு குறைவு. இன்றைக்கு விற்கும் பல ரேசர்களின் தலைப்பகுதி இதில் செய்து குரோமியம் பூசியதுதான். சில பழைய ரேசர்களில் கைப்பிடி மட்டும் அலுமினியமாக இருப்பதும் உண்டு.

வெளியே எல்லாம் ஒரே வெள்ளை நிறம். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காந்தம். பித்தளை, ஜமாக், அலுமினியம் மூன்றும் ஒட்டாது. நன்றாக ஒட்டிக்கொண்டால் இரும்பு அல்லது எஃகு. லேசாக இழுத்தால் அது நிக்கல் பூச்சின் வேலையாகவும் இருக்கலாம்.

அடுத்து, முலாம் தேய்ந்த இடம். உள்ளே மஞ்சளாகத் தெரிந்து, இடுக்கில் பச்சைக் களிம்பும் இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாகத் தெரிந்து, கொப்புளமோ குழியோ வெள்ளைப் பொடியோ இருந்தால் ஜமாக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக எடை. நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் ரேசரின் தலைப்பகுதியை மட்டும் எடைபோட வேண்டும். பிறகு, தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, தலைப்பகுதியை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். உதாரணமாக, 17 கிராமை 2-ஆல் வகுத்தால் 8.5, அது பித்தளை. ஜமாக் என்றால் சுமார் 6.6 வரும், அலுமினியம் 2.7. கைப்பிடி உள்ளே கூடாக இருந்தால் கணக்குத் தப்பும்.

அப்பாவின் ரேசர் காந்தத்தில் ஒட்டவில்லை. மஞ்சளும் பச்சையும் கண்ணெதிரே இருந்தன. தராசும் பித்தளை என்றே சொன்னது.

அப்படியானால் புளி போடலாமா? அங்கேதான் மகள் கையை நிறுத்தினார். அந்த மஞ்சள் அழுக்கு அல்ல; நிக்கல் தேய்ந்து வெளியே வந்த பித்தளை. தேய்க்கத் தேய்க்க மிச்சமிருக்கும் நிக்கலும் போகும். முலாம் கடையில் கொடுத்தால், பழைய பூச்சை எடுத்து, பாலிஷ் போட்டுத்தான் புதிது பூசுவார்கள். ரேசர் புதிதாகிவிடும். அந்த மஞ்சள் இடம் இருக்காது.

அம்மா ரேசரை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த மஞ்சள் மேல் சரியாக உட்கார்ந்தன. “இப்படித்தான் பிடிப்பார்” என்றார்.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ். அவ்வளவுதான் செய்தார்கள். களிம்பை ஒரு பல்குச்சியால் மெதுவாக எடுத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், முதலில் உள்ளே பழைய பிளேடு இருக்கிறதா என்று பார்த்து, கவனமாக எடுத்துவிடுங்கள். என்ன உலோகம் என்று தெரியும்வரை புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். திருகு இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். ஜமாக் மரை உடைந்தால் ஒட்டவைப்பது கடினம். சந்தேகமென்றால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பளபளப்பு நாளைக்கும் ஏற்றிக்கொள்ளலாம்.