ஆழாக்கு

குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பு போன வாரம் விரிசல் விட்டுவிட்டது என்று, பரணில் கிடந்த ஆச்சியின் பித்தளை ஆழாக்கைத் தேடியெடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன், தேய்த்த கையில் ஏறிய பித்தளை வாடையோடு அரிசிக்குள் அதை விட்டபோது எழுந்த சரசரப்பில், கோவில்பட்டிப் பக்கத்து எங்கள் கரிசல் வீட்டின் உள்ளறை, கூரைக் கண்ணாடி வழியே சாய்வாக இறங்கும் வெயில், அதில் மிதக்கும் கம்புத் தூசி, தானியம் கொட்டிவைக்கும் ஆளுயரக் குலுக்கை, அதற்குள்ளிருந்து வரும் காய்ந்த வேப்பிலை மணம் எல்லாம் ஒருசேர வந்து நின்றன.

ஆச்சி அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டாள், "லாபம்" என்பாள், பிறகுதான் ரெண்டு, மூணு. விற்பனைக்குத் தலைதட்டி அளப்பாள், வேலையாட்களுக்குக் கும்பம் கூட்டி அளப்பாள், இனி ஒரு மணிகூட நிற்காமல் விளிம்பில் உருளும்வரை அவள் கை ஓயாது, பிடித்திருக்கும் கட்டைவிரல் மட்டும் விளிம்புக்கு உள்ளே போகவே போகாது, விரல் போகிற இடத்துத் தானியம் யாருடையது என்று கேட்பாள். 8 ஆழாக்கு ஒரு படி, 21 மரக்கால் ஒரு கோட்டை என்று எனக்குக் கணக்குப் படிந்தது அந்த உள்ளறைத் திண்டில் உட்கார்ந்துதான்.

தாத்தாவுக்கு நிலத்தின் அளவு குறுக்கத்தில்தான், மழையின் அளவு மண்ணின் ஈரத்தில்தான். மழை வெறித்த காலையில் புஞ்சையில் களைக்கொத்தால் பறித்து, குழிக்குள் கையை விட்டுப் பார்த்து, "சாணுக்கு நனைஞ்சிருக்கு, கால்ல ஒட்டாம வரட்டும், ஏர் பூட்டுவோம்" என்பார், அந்தக் கருமண் மணம் கழுவினாலும் மதியம்வரை அவர் கையை விட்டுப் போகாது. இப்போது போனில் மில்லிமீட்டர் வருகிறது, மண் எவ்வளவு குடித்தது என்பது அதில் இல்லை. தாத்தாவுடையது போன்ற பேச்சு அழியக் கூடாதென்றுதான் இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார்.

விரிசல் விட்ட அந்தக் குக்கர் கப்பும் ஒரு பழைய அளவுதான் என்று எனக்குத் தெரிந்தது பிந்தித்தான், ஜப்பானியரின் 'கோ', 180 மில்லி, 1000 கோ சேர்ந்தால் ஒரு 'கோக்கு', ஓர் ஆள் ஒரு வருஷம் உண்ணும் அரிசி, பிரபுக்களின் செல்வத்தையே அங்கே கோக்கில்தான் கணக்கிட்டார்கள். இந்தியாவில் மெட்ரிக் எடை 1958 அக்டோபரில் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது, ஜப்பான் தன் பழைய அளவுகளை வியாபாரத்திலிருந்து விலக்கியது 1959 ஜனவரியில், மூன்றே மாத இடைவெளி, ஆனாலும் அவர்களுடைய கோ குக்கருக்குள் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது, நம்முடைய ஆழாக்கு பரணில் ஏறிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கணக்குப்படி ஆழாக்கு 168 மில்லி, கோவுக்கு 12 மில்லி குறைவு. கட்டைவிரலை வெளியே வைத்து, கும்பம் கூட்டி, லாபம், ரெண்டு என்று போட்டேன். குக்கரின் இரண்டாம் கோட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், சோறு பதமாக வந்தது.