இடியும் கணக்கேடும்

மலாயா மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இடி புதிதன்று. காலை வெயில் நிலத்தைக் காய்ச்ச, ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகத் திரண்டு, பிற்பகலில் இடித்துக் கொட்டுவது இந்நாட்டின் வாடிக்கை. சிங்கப்பூரில் ஆண்டொன்றில் 150 நாட்களுக்கு மேல் இடி முழங்குகிறது. கோலாலம்பூரை அடுத்த சுபாங் வட்டாரமோ உலகில் இடி மிகுந்த இடங்களுள் ஒன்று. பருவக்காற்று திசை மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியின்றிக் கழியும் பிற்பகல் அரிது. ஆகவே, இடியைப் பற்றி எழுதப் புகுந்த என்னை நோக்கி, "கிராணியாருக்கு வேறு பொருள் அகப்படவில்லையோ?" என்று நேயர்கள் நகைத்தாலும் நகைக்கலாம். என் வாழ்நாளில் மூன்று முறை இடி எனக்கு மிக அருகில் விழுந்தது. முதல் இரண்டும் என் உடம்பை நடுங்கச் செய்தன. மூன்றாவது என் நெஞ்சைச் சுட்டது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

முதல் இடி விழுந்தபோது எனக்கு வயது ஏழு. தென் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பாட்டியாரோடு வசித்து வந்தோம். இடி முழங்கத் தொடங்கியதும் பாட்டியார் கதவைச் சாத்துவார். கண்ணாடியைத் துணியால் மூடுவார். எங்களை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று ஓதுவார். இந்திரன் கையிலுள்ள ஆயுதமே இடி என்றும், அவன் மகன் பெயரைச் சொன்னால் அது விலகிப் போகும் என்றும் நம்மவர் நம்பி வந்தது யாவரும் அறிந்ததே.

அடுத்த வீட்டு அம்மையார் இரண்டு பசுக்கள் வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பாட்டியாரின் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. பாட்டியார் வாசலில் நின்று, "அந்த மாட்டின் தலையில் இடி விழ!" என்று மண்ணை வாரித் தூற்றினார். சொல்லி நான்கு நாள் ஆகவில்லை. ஒரு மாலை, வானமே பிளந்தாற்போன்று ஓர் ஓசை கேட்டது. மழை விட்டபின் ஓடிச் சென்று பார்த்தோம். பலாமரத்தின் பட்டை உச்சி முதல் வேர் வரை வார்போல் உரிந்து கிடந்தது. அதன் அடியில் கட்டப்பட்டிருந்த இரு பசுக்களும் மாண்டு கிடந்தன. உடம்பில் காயமில்லை, ஒரு துளி உதிரமில்லை. வாயில் கடித்த புல் கடித்தபடியே இருந்தது.

"உன் வாய்தான் என் மாட்டைத் தின்றது" என்று அவ்வம்மையார் எங்கள் வாசலில் வந்து அழுதார். பாட்டியார் மறுமொழி கூறவில்லை. இரண்டு நாள் உணவு கொள்ளவுமில்லை. மூன்றாம் நாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, இருந்த பணம் அனைத்தையும் கொண்டுபோய் அடுத்த வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். அதன்பின் தம் இறுதிநாள் வரையில் அவர் யாரையும் சபித்ததில்லை.

பசுக்கள் மாண்ட காரணத்தைப் பின்னாளில் யான் கற்றேன். மரத்தில் இறங்கும் மின்சாரம் வேரின் வழியே நிலத்தில் பரவுகிறது. அடிமரத்திலிருந்து விலக விலக அதன் அழுத்தம் குறைகிறது. நாற்கால் விலங்கின் முன்கால் நிற்கும் இடமும் பின்கால் நிற்கும் இடமும் தம்முள் வேறுபடுவதால், மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. இடையில் இருப்பது இதயம். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நார்வே நாட்டு மலைவெளியொன்றில், இடிக்கு அஞ்சி நெருங்கி நின்ற 323 கலைமான்கள் இவ்வாறே ஒருங்கே மாண்டன. அந்த மான்களை எந்தப் பாட்டியார் சபித்தார்?

இரண்டாம் இடி என் பள்ளிப் பருவத்தில் நேர்ந்தது. ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கில வழியில் கற்றவன் யான். பொழுது புலருமுன் பேருந்தேறும் மாணவர்கள் சுமாத்திராக் காற்றை நன்கு அறிவார்கள். சுமாத்திரா தீவின் பக்கம் உருவாகி, நீரிணையைத் தாண்டி, விடியற்காலையில் சுவர்போல் வந்து மோதும் புயல் அது. அத்தகைய ஒரு விடியலில் எங்கள் பேருந்து பாலத்தின் நடுவே நெரிசலில் நின்றது. கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியும் செவியைப் பிளக்கும் ஓசையும் ஒரே கணத்தில் தோன்றின. அது பேருந்தின் மீது விழுந்ததோ, பக்கத்து விளக்குக் கம்பத்தில் விழுந்ததோ, யான் அறியேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் தீங்கில்லை.

"ரப்பர்ச் சக்கரங்கள் நம்மைக் காத்தன" என்று வகுப்பில் பெருமையோடு கூறினேன். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை வேறென்ன கூறுவான்? ஆசிரியர் முறுவலித்தார். மைல் கணக்கான காற்றையே ஊடுருவி வரும் மின்னலுக்கு நாலு விரல் ரப்பர் ஒரு பொருட்டோ? எங்களைக் காத்தது பேருந்தின் இரும்புக் கூடு. மின்சாரம் கூட்டின் புறத்தே ஓடி நிலத்தில் இறங்கிவிடும், உள்ளிருப்பவரைத் தீண்டாது. 1836-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் ஓர் அறையளவு கூடு செய்து, அதன் புறத்தே மின்சாரத்தைப் பாய்ச்சி, தாமே உள்ளே அமர்ந்து இதனை மெய்ப்பித்தார்.

அன்று முதல் இடியைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். இடிதாங்கியைக் கண்ட பிராங்க்ளினைப் பற்றியும், மின்னலை ஆராயப் புகுந்து 1753-இல் ரஷ்யத் தலைநகரில் அதற்கே பலியான ரிச்மன் என்பாரைப் பற்றியும் படித்தேன். ஐரோப்பியரும் நம்மைப்போல் ஓதியவர்களே என்பதையும் அறிந்தேன். இடி முழங்கும்போது மாதாகோயில் மணியை அடித்தால் இடி சிதறிப்போகும் என்று அவர்கள் நம்பினார்கள். ஊரிலேயே உயர்ந்த கோபுரத்தின் கீழ், மழையில் நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்த 103 பேர் மாண்டனர் என்று 1784-இல் ஜெர்மனியில் வெளியான நூலொன்று கணக்குக் கூறுகிறது. இவற்றைக் கற்றபின், அர்ச்சுனன் பெயரை ஓதியவர்களைக் கண்டு உள்ளுக்குள் நகைத்தேன். அறியாமை அவர்களுடையது, அறிவு என்னுடையது என்று செருக்கினேன்.

நிற்க. மூன்றாம் இடிக்கு வருகிறேன்.

நான்காண்டுகளுக்கு முன்னர், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனை வந்துவிட்ட தோட்டமொன்றில் யான் கிராணியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். முப்பதடி உயர்ந்த மரங்களில் குலை வெட்டுவதற்கு, நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாள் பூட்டியிருப்பார்கள். அதை ஏந்தி நிற்பவர், தம் கையிலேயே ஓர் இடிதாங்கியை ஏந்தி நிற்கிறார். அவரைக் காக்கும் கம்பி எதுவுமில்லை.

அன்று மேலாளர் பட்டணம் சென்றிருந்தார். பிற்பகல் ஒரு மணியளவில் மண்டோர் தொலைபேசியில், "ஐயா, மேற்கே வானம் கருத்துவிட்டது. ஆட்களைத் திருப்பிவிடலாமா?" என்று கேட்டார். யான் கணக்கேட்டைப் பார்த்தேன். அன்றைய அளவுக்கு இன்னும் மூன்று டன் குறைந்தது. லாரி காத்து நின்றது. சன்னலின் வழியே ஒரு மின்னல் தோன்றியது. பழகிய வழக்கத்தால் எண்ணினேன். பன்னிரண்டு எண்ணியபின் ஓசை வந்தது. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர்; ஆக நான்கு கிலோமீட்டர். முப்பது எண்ணுமுன் ஓசை வந்தாலே வெளியில் நிற்கலாகாது என்னும் விதியும் எனக்கு மனப்பாடம். யான் கூறிய விடை யாது? "இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம்."

அதுவும் போதாதென்று, வேலையை விரைவுபடுத்த யானே வண்டியை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் சென்றேன். தூறல் விழவே, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே அமர்ந்திருந்தேன். பாரடே அமர்ந்த கூட்டைப்போன்ற ஒரு கூட்டினுள் யான் இருந்தேன். கழியேந்தியவர்கள் வெளியே இருந்தார்கள்.

ஐம்பது கஜத்திற்கு அப்பால் வானமும் நிலமும் ஒட்டிக்கொண்டாற்போல் ஓர் ஒளித்தூண் நின்று மறைந்தது. யான் கதவைத் திறந்து ஓடியபோது, தோட்டத்திலேயே மூத்த வெட்டாளி மல்லாந்து கிடந்தார். சட்டை கிழிந்திருந்தது. ரப்பர்க் காலணிகளுள் ஒன்று கழன்று தூரத்தில் கிடந்தது. மூச்சில்லை. சுற்றிலும் ஆட்கள் விலகி நின்று, "தொடாதீர்கள்! உடம்பில் மின்சாரம் இருக்கும்!" என்று கூவினார்கள்.

அது பொய்யென்று எனக்குத் தெரியும். இடியுண்டவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை, தொடுவதால் தீங்கில்லை, நின்றுபோன இதயத்தை மார்பின் மீது அழுத்தி மீண்டும் இயக்கலாம். இத்தனையும் படித்தவன் அக்கூட்டத்தில் யான் ஒருவனே. ஆயினும் என் கால்கள் அசையவில்லை.

அசைந்தவர், உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மையார். எப்போதோ தோட்டத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சியில் இரண்டு நாள் இருந்தவர். எப்போதும் என்னை 'ஐயா' என்றே அழைப்பவர், அன்று, "தள்ளு தம்பி!" என்று என்னை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டார். கையின்மேல் கை வைத்து, மார்பின் நடுவில் அழுத்தி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று உரக்க எண்ணினார். சற்று முன் யானும் எண்ணினேன். என் எண்ணிக்கை யாருக்கும் உதவவில்லை. அவர் எண்ணிக்கை ஓர் உயிரை மீட்டது. சில நிமிடங்களில் பெரியவர் ஒருமுறை இருமினார். யான் வண்டியை ஓட்டினேன். அன்று யான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றே.

பெரியவர் பிழைத்தார். ஒரு செவியின் பறை கிழிந்துவிட்டது. பெயர்கள் மறந்துபோகின்றன. இடியுண்டவர்களில் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கிறார்கள் என்பது மருத்துவர் கூற்று. பிழைத்தவர் பலர் முன்போல் ஆவதில்லை என்பதும் அவர்கள் கூற்றே.

லயத்தில் பேச்சு எழுந்தது. "அவர் தலைச்சன் பிள்ளை, தலைச்சனை இடி தேடி வரும்" என்றனர் சிலர். "முனியாண்டிக்கு நேர்ந்த கிடாவைச் செலுத்தவில்லை" என்றனர் வேறு சிலர். நேயர்களே, இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூற வேண்டும். அப்பேச்சைக் கேட்டபோது எனக்குச் சினம் வரவில்லை, ஆறுதலே வந்தது! இடியை எறிந்தவர் முனியாண்டியானால், அரை மணி நேரம் நிறுத்தி வைத்தவன் குற்றமற்றவன் அன்றோ? மூடநம்பிக்கையை நகைத்துத் திரிந்தவன், அதன் நிழலில் ஒதுங்கி நின்றேன். மூடநம்பிக்கை அறியாதவர்க்கு மட்டுமே உரியதென்று எண்ணியிருந்தேன். அறிந்து தவறு செய்தவனுக்கும் அது குடை பிடிக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அமெரிக்க நாட்டில் வர்ஜீனியா மலைக்காட்டில் காவலராயிருந்த ராய் சல்லிவன் என்பவரை 1942 முதல் 1977 வரை ஏழு முறை இடி தாக்கியது. ஏழு முறையும் உயிர் தப்பினார். அவருடன் நடக்கவே மக்கள் அஞ்சினராம். அவரை விதி தேடி வந்ததென்று சொல்வது எளிது. மலையிலும் வெளியிலும் வாழ்நாளைக் கழிக்கும் தொழில் அவருடையது என்பதை நினைப்பார் சிலரே. இடி தலைச்சனையும் அறியாது, நேர்த்திக் கடனையும் அறியாது. வெட்டவெளியில் நிற்பவர் மீது அது விழுகிறது. அவரை அங்கே நிறுத்துவது பல வேளைகளில் ஒரு மனிதனின் சொல்லாயிருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பெரியவரைக் காண அவர் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, அன்றைக்கு எனக்கு முழு நாள் போட்டீர்களா, அரை நாள் போட்டீர்களா?" என்று கேட்டார்.

யான் எழுந்து அலுவலகத்துக்கு ஓடினேன். கணக்கேட்டைப் புரட்டினேன். அரை நாள். வேலை முடியுமுன் களத்தை விட்டு நீங்கியவர் என்ற கணக்கில், அன்று மாலையே, என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதியது நினைவில் கூட இல்லை. அதை அடித்து, முழு நாள் என்று திருத்திக் கையொப்பமிட்டேன். மீண்டும் அவர் வீட்டுக்குச் சென்று, மண்டோர் கேட்டதையும், யான் மறுத்ததையும், பன்னிரண்டு வரை எண்ணியதையும் சொல்லத் தொடங்கினேன். இடி அவர் செவியைக் கெடுத்திருந்தமையால் மெல்லச் சொல்ல இயலவில்லை. உரக்கச் சொன்னேன். லயம் முழுவதும் கேட்டது.

பெரியவர் சற்று நேரம் வாளாவிருந்தார். "எனக்குத் தெரியும் ஐயா. மண்டோர் அப்போதே சொன்னான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்பொழுது எங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. இடியோசை கேட்டதும் அதை அடிப்போம். மண்டோர்களுக்குத் தொலைபேசியிலும் சொல்வோம். இடியைச் சிதறடிப்பதற்கன்று, ஆட்களைத் திருப்பி அழைப்பதற்கு. கழிகளைக் கீழே போட்டுவிட்டு, மரத்தடியிலும் சுவரற்ற கொட்டகையிலும் ஒதுங்காமல், மூடிய வண்டிகளில் ஏறி வந்துவிட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகும் வரை எவரும் திரும்பக் கூடாது. அந்நேரத்திற்கு ஊதியம் பிடிப்பதில்லை. இந்தக் கடைசி விதிக்காக மேலாளரிடம் மூன்று மாதம் வாதாடினேன். அது இல்லையேல் மற்ற விதிகள் ஏட்டில் மட்டுமே இருக்கும்; வயிற்றுக்குப் பயந்தவர் இடிக்குப் பயப்படமாட்டார்.

முதலுதவிப் பயிற்சியையும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். கற்பிப்பவர்களுள் அவ்வம்மையாரும் ஒருவர். முதல் வரிசையில் யான் அமர்கிறேன்.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். தாம் செய்யாத குற்றத்திற்காகச் சுருக்குப் பையை அவிழ்த்தார். யான் இரு மொழி கற்றவன். செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் மேற்கே வானம் கருக்கும்போது யான் எதையும் எண்ணுவதில்லை. முதல் ஓசை கேட்டவுடன் எழுந்து சென்று தண்டவாளத்தை அடிக்கிறேன்.