விதை யார் கையில், நிலம் யார் பெயரில்

பெண்ணை நிலமாகவும் ஆணை விதையாகவும் பார்க்கும் உவமையைச் சந்திக்காமல் ஒரு பருவத் தமிழ் வகுப்பைக்கூட என்னால் நடத்தி முடிக்க முடிந்ததில்லை. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒருவன் நிலத்தில் இன்னொருவன் விதைத்தால் விளைச்சல் யாருக்கு என்றும் அங்கே நீண்ட விவாதம் உண்டு. விதைத்தவனுக்கா, நிலத்துக்கு உடையவனுக்கா என்பதுதான் வழக்கு. நிலத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனுவைக் கண்ணால் பார்த்திராத வீடுகளிலும் பிள்ளை பெறாத மருமகளைப் பற்றிப் பேசும்போது, "வித்துல குறையில்ல, மண்ணுதான் சரியில்ல" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கொல்லையில் நான் பார்த்தது இதற்கு நேர்மாறானது. தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கிணறும் வாழையும் அவரைப் பந்தலுமாகக் கிடக்கும் மண்ணைக் கொல்லை என்போம். அங்கே விதையெல்லாம் பெண்கள் கையில் இருந்தது. நிலமெல்லாம் ஆண்கள் பெயரில் இருந்தது.

பரங்கியையே எடுத்துக்கொள்கிறேன். சில ஊர்களில் மஞ்சள் பூசணி என்றும் கொங்குப் பக்கம் அரசாணி என்றும் சொல்வார்கள். முற்றினால் சாம்பார், பிஞ்சாக இருந்தால் பால் விட்டுக் கூட்டு. சுக்கினி என்ற பெயரில் இப்போது பெரிய கடைகளில் விற்கும் பிஞ்சுக்காய் இதற்குச் சொந்தம்தான்.

விதைக்கென்று விட்ட காயை அம்மா பறித்த கையோடு அறுக்கமாட்டாள். மூன்று வாரமாவது பரண்மேல் கிடக்கும். காம்பு விட்ட பிறகும் உள்ளே விதை திரண்டுகொண்டிருக்கும் என்பாள். அறுத்த பின் விதையை வழித்து எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்துவாள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளீடு இல்லாததை ஒதுக்குவாள். மிச்சத்தைச் சாம்பலில் புரட்டி ஈரச் சாணியில் பதித்து, வறட்டியாகச் சுவரில் தட்டிவிடுவாள். பூச்சி அண்டாது. அடுத்த பட்டத்துக்கு வறட்டியை உடைத்தால் போதும். இதை அம்மாவுக்கு அம்மாச்சி சொல்லிக்கொடுத்தாள். விதையும் அவளிடமிருந்து வந்ததுதான்.

ஊன்றுவதற்கும் கணக்கு உண்டு. ஆடியில் முழ ஆழத்துக்குக் குழி எடுத்து மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். குழிக்குக் குழி 2 மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். ஒரு குழியில் நான்கைந்து விதையை அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். நான்கு இலை வந்ததும் வாட்டசாட்டமான இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். பிடுங்கி வேறு இடத்தில் வைக்கக் கூடாது. வேரை அசைத்தால் பரங்கி பொறுக்காது. ஓரிடத்தில் வளர்ந்து வேறிடத்தில் தழைக்கும் நாற்று என்று கல்யாண மேடைகளில் பெண்ணைப் புகழ்கிறவர்கள் பரங்கியை உவமை சொல்லி நான் கேட்டதில்லை.

கொடி ஓடத் தொடங்கியதும் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. நீண்ட காம்பில் தனியாக நிற்கும். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் பெண் பூ வரும். அதன் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குட்டிப் பரங்கி இருக்கும். மகரந்தம் வந்து சேர்வதற்கு முன்பே இருக்கும். நம் உவமை தடுமாறுவது இங்கேதான். ஆண் பூவிலிருந்து வருவது மகரந்தம். மகரந்தம் விதை அல்ல. விதை உருவாவது பெண் பூவின் சூலகத்துக்குள். இரண்டு பக்கத்துப் பங்கும் சேர்ந்துதான் உள்ளே கரு உண்டாகிறது. அதைப் போர்த்தியிருக்கும் விதையுறையோ முழுக்கத் தாய்ச்செடியின் திசு. ஆண் விதை, பெண் நிலம் என்று எழுதியவர்கள் ஒரு கொடியைக்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருக அம்மா பறிப்பது ஆண் பூவை மட்டும்தான். பெண் பூவைத் தொடமாட்டாள். தாவரவியல் படிக்காதவளுக்கு இருந்த இந்த அறிவுக்கு எங்கள் வீட்டில் 'பூப் பறிக்கிறது' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

பிஞ்சு வெம்பி விழும்போது மட்டும் பெண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடும். தூரமானவள் நிழல் பட்டது, விரலை நீட்டிக் காட்டினாள், கண் வைத்தாள் என்பார்கள். பதின்மூன்று வயதிலிருந்து மாதம் மூன்று நாள் எனக்குக் கொல்லைப் பக்கம் போகத் தடை. பரங்கிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வர வேண்டும். மழையாலோ மருந்தடித்ததாலோ தேனீ வராமல் போனால் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கும். பழ ஈ முட்டையிட்டால் அழுகும். இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டின் மாடியில் பெரிய பைகளில் பரங்கி வைத்திருக்கிறேன். அங்கே தேனீ குறைவு. காலை ஆறரை மணிக்கு ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் சூல்முடியில் நானே தடவிவிடுகிறேன். தூர நாளிலும் தடவுகிறேன். காய்க்கிறது.

வயலில் பெரிய அளவில் பயிரிடுபவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு யோசனை சொல்கிறது. விதைத்த 10 முதல் 15 நாளில் தொடங்கி, வாரம் ஒரு முறையாக நான்கு முறை எத்ரல் 250 பிபிஎம் தெளித்தால் பெண் பூ கூடும். பெண் பூவுக்காக மருந்து தெளிக்கும் இதே தமிழ்நாட்டில்தான் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

பரங்கி என்ற பெயரே அது கடல் கடந்து வந்தது என்று சொல்லிவிடுகிறது. பரங்கியர் என்று நாம் அழைத்தது ஐரோப்பியர்களை. செடியின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் கிலா நக்கிட்ஸ் குகையில் கிடைத்த பூசணி வகை விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையானவை. வட அமெரிக்காவில் இரோகுவா மக்கள் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாக விதைத்து மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். அங்கே விதைத்ததும் வயலைப் பராமரித்ததும் பெண்கள். குலம் தாய்வழியில் எண்ணப்பட்டது. சகோதரிகளுக்கு நிலத்தில் இடம் இருந்த கண்டத்திலிருந்துதான் இந்த விதை நம்மிடம் வந்திருக்கிறது.

நம்மிடமும் தோட்டத்தை உரிமையோடு பேசிய ஒருத்தி இருக்கிறாள். குறுந்தொகையின் 98ஆம் பாட்டில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். நம் தோட்டத்துப் பீர்க்கம்பூவில் சிலவற்றைக் கொண்டுபோய், நான் இப்படி ஆகிவிட்டேன் என்று அவரிடம் சொல்பவர் கிடைத்தால் நல்லது என்கிறாள். அந்த மஞ்சள்தான் அவள் உடம்பில் படர்ந்த பசலையின் நிறம். பசலையைப் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன. 'நம் தோட்டம்' என்று அவள் சொன்னதைக் கேட்கத்தான் எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

பெண்கள் தங்கள் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். தமிழ் படித்தவளாக இந்தச் சொல்லை என்னால் எளிதில் கடக்க முடிந்ததில்லை. 1986இல் தாத்தா இறந்த பிறகு அம்மா அதில் கையெழுத்துப் போட்டாள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கும் பங்கு இருந்தது. இல்லாவிட்டால் கையெழுத்தே தேவைப்பட்டிருக்காது. மாமாக்கள் ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்தார்கள். அம்மாச்சி விதை பதித்த வறட்டியைப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள். அம்மா அதை அப்பாவின் கொல்லையில் ஊன்றினாள்.

பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எங்கள் கொல்லைக்கு இந்தத் திருத்தங்கள்கூடத் தேவையில்லை. அது அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 18 சென்ட். உயில் இல்லை. வாரிசு மூன்று பேர். அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்ததும் அண்ணன் பத்திரத்தோடு வந்தார். "ஒரு கையெழுத்துதானம்மா, நீதான் வேலையில இருக்கியே" என்றார். நான் போடவில்லை. அந்தப் பொங்கலிலிருந்து சீர் நின்றது. அண்ணி போனை எடுப்பதில்லை. படித்த திமிர் என்று ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

அம்மா அண்ணனோடுதான் இருக்கிறாள். "கூடப் பிறந்தவன்கிட்ட கணக்குப் பாக்கலாமாடி?" என்று போனில் அழுதாள். நான் பேசாமலிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்.

"எத்தன சென்ட் வரும்?"

"ஆறு. எனக்கு ஆறு, அண்ணனுக்கு ஆறு, உனக்கு ஆறும்மா."

"எனக்குமா?"

அறுபத்தெட்டு வயதில், ஐம்பது வருஷமாக விதை ஊன்றிய மண்ணைப் பற்றி அவள் கேட்ட கேள்வி அது. அவளும் இதுவரை கையெழுத்துப் போடவில்லை. பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. வழக்குப் போட வேண்டியிருக்கலாம்.

ஒவ்வொரு ஆடியிலும் என் மாணவிகளுக்குப் பரங்கி விதை கொடுக்கிறேன். ஆளுக்கு ஐந்து, காகிதத்தில் மடித்து. எந்தப் பக்கம் வெயில் வரும், எப்போது கிள்ள வேண்டும், எந்தப் பூவைப் பறிக்கக் கூடாது என்பதெல்லாம் சொல்வேன். கூடவே ஒரு வீட்டுவேலையும் உண்டு. ஊன்றப்போகும் மண்ணின் புல எண்ணைக் கேட்டு வாருங்கள். அரசு இணையதளத்தில் பட்டாவைப் பார்க்கலாம், வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். யாராவது கையெழுத்துக் கேட்டால், விதை முளைக்கும் வரைக்குமாவது யோசிக்க நேரம் கேளுங்கள்.