குதுப் மினாரும் ஒரு குழந்தையின் கேள்வியும்

தலைநகரில் வாழும் தமிழன்பர்களுள் குதுப் மினாரைக் காணாதார் அரியர். ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால், செங்கோட்டை, பிர்லா மந்திர், குதுப் மினார் என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டி இரவு வண்டிக்கு ஏற்றிவிடுவது நம் வழக்கம். மினாரின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டதும் திரும்பிவிடுகிறோம். கண்டவர் பலர், நின்று பார்த்தவர் சிலரே. அக்குறையைத் தீர்க்கக் கருதி, ரயில்வே அலுவலக நண்பர் இருவர் குடும்பத்தாருடன் நாங்கள் ஒரு ஞாயிறு காலை மெஹ்ரௌலிக்குச் சென்றோம்.

வளாகத்தில் முதலில் கண்ணைக் கவர்வது மினார் எனினும், முதலிற் காணத்தக்கது அதனருகேயுள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலே. 1192-ஆம் ஆண்டில் முகம்மது கோரி பிருதிவிராஜனை வென்ற பின்னர், அவருடைய தளபதி குத்புத்தீன் ஐபக் இதனைக் கட்டத் தொடங்கினார். 27 கோயில்களின் கற்கள் இதற்குப் பயன்பட்டன என்று அதன் கீழைவாயிற் கல்வெட்டே உரைக்கின்றது. தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணிகளும் பூரண கும்பங்களும் இன்றும் தெளிவாக உள்ளன. உயரம் போதாத இடங்களில் ஒரு தூணின்மேல் மற்றொன்றை ஏற்றி நிறுத்தியிருக்கின்றனர். சிதைக்கப்பட்ட உருவங்களும் ஆங்காங்கே தென்படுகின்றன.

இவற்றைக் கண்ட நண்பரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, "இது கோயிலா, பள்ளிவாசலா?" என்று வினவினாள். பெரியோர் நால்வர் இருந்தும் உடனே விடை கூற எவருக்கும் நா எழவில்லை. இடித்த செய்தியைச் சொன்னால் குழந்தை உள்ளத்தில் பகை வளருமோ என்ற அச்சம் ஒருபுறம். மறைத்தால் பொய்யுரைத்தவராவோமே என்ற தயக்கம் மறுபுறம்.

இத்தகைய கேள்வி டில்லிக்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடலிலுள்ள சிசிலித் தீவில் சிராக்கூஸ் என்றொரு பழம்பதி உண்டு. அந்நகரத் தலைமை மாதாகோயிலின் சுவர்களுக்குள், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் அதீனா தேவிக்கு எடுத்த கோயிலின் தூண்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. இடையில் அரேபியர் ஆட்சியில் அது பள்ளிவாசலாகவும் இருந்தது. அதே தீவின் பலெர்மோ நகரில், 12-ஆம் நூற்றாண்டில் நார்மானிய மன்னன் ரோஜர் கட்டிய அரண்மனைக் கோயிலில், மேல்விதானம் அரபுக் கலைமரபில் அமைந்தது. சுவர்ச் சித்திரங்கள் கிரேக்க மரபில் அமைந்தன. ஆள்வோர் மாறினர், கைத்திறன் மாறாது தொடர்ந்தது.

மெஹ்ரௌலியிலும் அதுவே நிகழ்ந்தது. பள்ளிவாசலின் முன்னே 1199-ஐ ஒட்டி எழுப்பிய பெரிய வளைவுகளை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஆப்பு வடிவக் கற்களை ஒன்றையொன்று தாங்குமாறு பொருத்தி அமைக்கும் மெய்யான வளைவு அன்று அவை. கல்வரிசைகளைக் கிடையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் சிறிது முன்தள்ளி வைத்து, உச்சியில் கூடுமாறு செய்திருக்கின்றனர். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்கூடும் கிடைவரிசைகளை இவ்வாறு அடுக்கி எழுப்பியதே. கட்டளையிட்டவர் புதியவர், கட்டிய கொத்தரோ இந்நாட்டுப் பழைய முறை பயின்றவர். மெய்யான வளைவும் கும்மட்டமும் செவ்வனே அமைந்ததைக் காண, அலாவுத்தீன் கில்ஜி 1311-இல் கட்டிய அலாய் தர்வாசாவுக்கு வரவேண்டும். அவருடைய தளபதி மாலிக் காபூர் படையுடன் மதுரையை அடைந்ததும் அதே 1311-இல்தான். அவ்வழகிய வாயிலின்கீழ் நிற்கும் தமிழர் இதனையும் நினையாதிருத்தல் இயலாது.

மினாரின் உயரம் 72.5 மீட்டர், படிகள் 379. ஐபக் தொடங்க, இல்துமிஷ் உயர்த்தினார். இடிவிழுந்து சேதமுற்ற மேற்பகுதியை 1368-இல் பிரோஸ்ஷா துக்ளக் செப்பனிட்டார். அவ்வேலை செய்த கைவினைஞர் நாகரி எழுத்தில் பொறித்த குறிப்புகளும் அங்குள்ளன. அவற்றுள் விசுவகர்மாவின் அருள் போற்றப்படுகின்றது! சுல்தானின் மினாரில், தம் குலதெய்வத்தை நினைந்து கொத்தர் உளி எடுத்திருக்கின்றனர். 1981-இல் உள்ளே நெரிசலில் சிக்கிப் பள்ளிச் சிறுவர் பலர் உட்பட 45 பேர் மாண்ட பின்னர், மேலே ஏற எவருக்கும் அனுமதி இல்லை.

முற்றத்தின் நடுவே நிற்கும் இரும்புத்தூண் இவையனைத்தினும் மூத்தது. சுமார் 1,600 ஆண்டுப் பழமையுடையது. விஷ்ணுவுக்குக் கொடிமரமாக வேறோரிடத்தில் நாட்டப்பட்டதென அதன் வடமொழிக் கல்வெட்டு கூறும். கல்வெட்டிலுள்ள சந்திரன் என்னும் மன்னனை இரண்டாம் சந்திரகுப்தன் என்பர் அறிஞர். ஏழு மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இத்தூண் துருப்பிடித்து அழியாமைக்குக் காரணம் மந்திரமன்று. இரும்பில் மிகுந்துள்ள பாஸ்வரம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியுள்ளது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதனை விரிவாக ஆராய்ந்து விளக்கினார்.

தூணருகே சிறுமியை அமர்த்தி நண்பர் விடை கூறினார்: "முன்பு கோயில்களாக இருந்தன. போரில் வென்றவர் அவற்றை இடித்துப் பள்ளிவாசல் கட்டினார். இடித்தது தவறு. கல் செதுக்கியவர், வளைவு அமைத்தவர், இரும்பு உருக்கியவர் ஆகியோர் செய்தது பெரிய வேலை. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்." சிறுமி சற்று யோசித்துவிட்டு, "சரி, அப்பா" என்றாள்.

மாற்றலில் வந்த நாம் எந்நேரமும் ஊரையே எண்ணியிருக்கிறோம். நம் குழந்தைகளுக்கோ இதுவே ஊர். இவ்வூரின் பழமையை வெறுப்பின்றியும் ஒளிவின்றியும் அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடன். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கினால், ஆட்டோவில் சில நிமிட வழியே. வெயில் ஏறுமுன் செல்வது நன்று. அடுத்தமுறை உறவினர் வரும்பொழுது அன்பர்கள் அரைநாளேனும் இதற்கென ஒதுக்கி, குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வார்களாக.