மணி ஒலித்தால் எழுவது யார்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய தொழில் புகுந்திருக்கின்றது. பொங்கல் விழாவிலோ நவராத்திரிக் கொலுவிலோ நாலு பேர் கூடும்போது, "பிள்ளை என்ன வேலை பார்க்கின்றான்?" என்று கேட்டால், "சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் கம்ப்யூட்டர் வேலை, இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் உறக்கம்" என்று தாய்மார் விடை கூறுகின்றனர். விழித்திருந்து அவன் செய்வது யாது என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. "எழுதுவதும் இல்லை, கணக்குப் போடுவதும் இல்லை, ஏதோ திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றானாம்" என்று சற்று ஏளனமாகச் சொல்லுவாரும் உண்டு.

என் தமக்கையின் மகன் அத்தகைய வேலையில்தான் இருக்கின்றான். எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கின்றான். நானோ மெட்ரிகுலேஷனோடு நின்றவன், ரயில்வேயில் குமாஸ்தா. கணிப்பொறி நூல்களை முறையாகக் கற்றவன் அல்லேன். எனினும், அவன் வாயிலாகக் கேட்டறிந்தவற்றை என் தொழில் அறிவோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், இது நாம் அறியாத தொழில் அன்று என்று தோன்றியது. ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

ரயில் பாதையில் நாள்தோறும் கீமேன் ஒருவர் தமக்குரிய எல்லை முழுதும் நடந்து செல்லுகின்றார். கழன்ற சாவியைச் சுத்தியலால் அடித்து இறுக்குகின்றார். தண்டவாளத்தில் விரிசல் உண்டா என்று பார்க்கின்றார். பழுது பெரிதாயின், சிவப்புக் கொடியைக் காட்டி வண்டியை நிறுத்துவது அவர் கடமை. இதில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன: காணுதல், தெரிவித்தல், செயற்படுதல். கண் இருந்தும் கையில் கொடி இல்லையாயின் பயனில்லை. கொடி ஆடியும் டிரைவர் பிரேக்கைத் தொடவில்லையாயின், அப்போதும் பயனில்லை.

இன்று ரயில்வேயில் தண்டவாளத்தைப் போலவே கணிப்பொறியும் இன்றியமையாத பாதையாகிவிட்டது. முன்பதிவைக் கணிப்பொறி வழியே நடத்தும் முறை 1985-86இல் புது டெல்லியில் தொடங்கியது. 1987இல் அது நம் நகருக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்தது. 1989இல் செகந்திராபாத்துக்குச் சென்றது. இத்தகைய பணிகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்னும் ரயில்வே தகவல் அமைப்பு மையம் 1986இல் நிறுவப்பட்டது. ஐந்து நகரங்களின் முன்பதிவும் ஒன்றோடொன்று இணைந்தது 1999இல். அதன் பின்னரே ஹௌராவில் நின்றுகொண்டு மதுரையிலிருந்து திரும்பி வரும் சீட்டையும் எளிதில் வாங்க முடிந்தது. 2002இல் வீட்டிலிருந்தே இணையவழிச் சீட்டு எடுக்கும் வசதியும் வந்தது.

இவற்றுக்கெல்லாம் பின்னால் சர்வர்கள் உள்ளன. ஒரே வேளையில் பல்லாயிரவருக்குப் பணி புரியும் கணிப்பொறியே சர்வர். ஓட்டலில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றே அழைக்கின்றோம். பெயர்ப் பொருத்தம் சரியானதே. அவர் மயங்கி விழுந்தால் பந்தி முழுதும் பட்டினி. எனவேதான் பெரிய நிறுவனங்கள் தம் சர்வர்களையும், அவற்றை இணைக்கும் கருவிகளையும், மின்சாரத்தையும், குளிரூட்டும் இயந்திரத்தையும் இடைவிடாது கவனிக்கும் மென்பொருளை வைத்திருக்கின்றன. அதனைக் கண்காணிப்பு மென்பொருள் என்பர்.

அதனை நிறுவுவதில் முதல் வேலை கணக்கெடுப்பு. இஃது எம்போன்ற குமாஸ்தாக்களுக்கு நன்கு தெரிந்த கலை. எந்த இயந்திரம் எங்கே உள்ளது, என்ன பணி செய்கின்றது, யார் பொறுப்பில் உள்ளது, எதனை நம்பி எது ஓடுகின்றது என்றெல்லாம் பதிவேடு எழுதவேண்டும். ஏட்டில் இருப்பது அறையில் இராது; அறையில் இருப்பது ஏட்டில் இராது. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டியை அணைத்துவிட்டால், அன்றுதான் அதுவே எல்லோருக்கும் சம்பளப் பட்டியல் அச்சிட்டு வந்தது என்பது தெரியவரும். ஏட்டில் ஏறாத இயந்திரத்தை எந்த மென்பொருளாலும் காக்க இயலாது.

இரண்டாவது வேலை, ஒவ்வோர் இயந்திரத்தையும் நலம் விசாரிப்பது. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ‘பிங்’ என்னும் சிறு நிரலை எழுதினார். கடலடியில் ஒலியெழுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. "இருக்கின்றாயா?" என்று அது கேட்கும், "இருக்கின்றேன்" என்று இயந்திரம் விடை தரும். ஆனால் உயிரோடிருப்பது வேறு, நலமாயிருப்பது வேறு. அந்நலத்தை விரிவாக விசாரிக்க 1988இல் எஸ்.என்.எம்.பி. என்னும் பொது மொழி வகுக்கப்பட்டது. வெப்பம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது, கம்பி வழியே எவ்வளவு செய்தி ஓடுகின்றது என்பனவற்றையெல்லாம் அதனால் கேட்கலாம். இவற்றினும் மேலான விசாரணை ஒன்றுண்டு. மென்பொருளே ஒரு பயணியைப் போல வந்து, இடம் உண்டா என்று கேட்டு, விடை எத்தனை வினாடியில் வருகின்றது என்று பார்ப்பதே அது. இயந்திரங்கள் அனைத்தும் "நலம்" என்று சொல்லும்போதும் கவுண்டரில் வரிசை நகராமல் நிற்பதுண்டு. அதனை இவ்விசாரணையே வெளிப்படுத்தும்.

மூன்றாவது வேலை, இயல்பு எது, நோய் எது என்று வரையறுப்பது. தட்கல் முன்பதிவு, குளிர்வசதி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கின்றது. அவ்வேளையில் சர்வர் மூச்சு வாங்குவது இயல்பு. அதே மூச்சுவாங்கல் பின்னிரவு 3 மணிக்கு நேர்ந்தால் அது நோயின் அறிகுறி. ஆதலால் சில வாரங்களேனும் இயந்திரத்தின் இயல்பை அளந்த பின்னரே எல்லைக் கோடு போடவேண்டும். டிஸ்கில் 80 பங்கு நிரம்பியதும் எச்சரிக்கை, 90 பங்கில் அபாய மணி என்று வைப்பது பொது வழக்கம். ஆனால் நாளொன்றுக்கு ஒரு பங்கு வீதம் நிரம்பினால் பத்து நாள் அவகாசம் உண்டு; மணிக்கு ஐந்து பங்கு வீதம் நிரம்பினால் இரண்டு மணி நேரமே உண்டு. எவ்வளவு என்பதோடு எவ்வளவு விரைவாக என்பதையும் கேட்கவேண்டும்.

இம்மென்பொருள்களுள் சில, எவரும் விலையின்றிப் பெறக்கூடியவை. அமெரிக்கர் ஈதன் கால்ஸ்டாட் 1999இல் வெளியிட்டதே பின்னர் ‘நாகியோஸ்’ என்று பெயர் பெற்றது. லாட்வியா நாட்டு அலெக்ஸி விளாடிஷேவ் தொடங்கியது ‘ஸாபிக்ஸ்’. நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1996இல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் தொடங்கி 2009இல் ‘ஸோஹோ’ என்று பெயர் மாறிய நிறுவனம், முதலில் ஈடுபட்டது இத்துறையில்தான். அதன் ‘மேனேஜ்எஞ்சின்’ பிரிவின் கண்காணிப்பு மென்பொருள்கள் பல நாடுகளில் வழங்குகின்றன. சென்னைக்கருகில் மட்டுமன்றித் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அந்நிறுவனத்துக்கு அலுவலகம் உண்டு. குற்றாலச் சாரலுக்கு அருகிலிருந்து உலகத்துக் கணிப்பொறிகளைக் காக்கும் கருவி உருவாகின்றது என்பது நம்மவர் பலர் அறியாதது.

ஆனால் கருவி எவருடையதாயினும், அது மணி அடிக்கும், அவ்வளவே. அடுத்து நிகழவேண்டியதை என் மருமகனின் அனுபவம் எனக்கு விளக்கிற்று.

அவன் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா. அங்கே புதிதாக மென்பொருளை நிறுவியபோது, "எதையும் தவற விடலாகாது" என்று எல்லா மணிகளையும் திறந்து வைத்தார்களாம். ஓர் இணைப்புக் கருவி சற்றுத் தடுமாறினால், அதற்குப் பின்னால் இருக்கும் முப்பது இயந்திரங்களும் ஒருமிக்க அலறும். ஓரிரவில் முந்நூறு, நானூறு செய்திகள் வரும். "புலி வருகிறது" என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதை நாம் அறிந்ததே. இங்கே கூவியது இயந்திரம். சில நாட்களில் இளைஞர்கள் ஒலியை அடக்கிவிட்டு, செய்திகளை மொத்தமாகத் தள்ளிவிடப் பழகிவிட்டனர்.

துர்க்கா பூஜையின் அஷ்டமி இரவு. நகரெங்கும் தாக்கின் முழக்கம். பந்தல் தோறும் மக்கள் வெள்ளம். பணியில் பாதிப் பேரே இருந்தனர். இயந்திர அறையின் குளிர்சாதனம் நின்றுபோயிற்று. வெப்பம் ஏறியது, மென்பொருள் எச்சரித்தது. அதனைக் கைப்பேசியில் பெறவேண்டியவர் பட்டியலில் முதலாவதாக இருந்தவர், வேலையை விட்டுச் சென்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. விடியற்காலையில் சர்வர்கள் வெப்பம் தாளாமல் ஒவ்வொன்றாகத் தாமே அணைந்தன.

"மாமா, மணி அடிக்கவில்லை என்று அன்று ஒருவரும் சொல்ல முடியவில்லை. அடித்தது. நானூறு மணிகளுள் ஒன்றாக அடித்தது" என்றான் அவன்.

அதன் பின்னர் அவர்கள் செய்த சீர்திருத்தம் நாம் அனைவரும் மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு மணிக்கும் நேரே இரண்டு கட்டங்கள் வரைந்தனர். ஒன்றில், எழவேண்டியவர் பெயர். மற்றொன்றில், எழுந்ததும் அவர் செய்யவேண்டிய முதற் செயல். இரண்டையும் நிரப்ப இயலாத மணியை நீக்கிவிட்டனர். எதனைச் சார்ந்து எது நிற்கின்றது என்று மென்பொருளுக்குக் கற்பித்தனர். முப்பது அலறல்கள் ஒன்றாயின. ஐந்து நிமிடத்தில் முதல்வர் விடை தராவிடின் இரண்டாமவர்க்கும், அவரும் தராவிடின் மேலதிகாரிக்கும் அழைப்புச் செல்லுமாறு செய்தனர். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அப்பட்டியலைப் படித்துப் பெயர்களைச் சரிபார்க்கின்றனர். இரவில் இப்போது ஆறேழு மணிகளுக்கு மேல் ஒலிப்பதில்லை. ஒலித்தால் அனைவரும் நிமிர்ந்து உட்காருகின்றனர். நிறுவுவது ஒரு திங்கள் வேலை. பேணுவதே ஆண்டுக்கணக்கான வேலை என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர்.

காவலனுக்கும் காவல் வேண்டும் என்பது மற்றொரு பாடம். கண்காணிக்கும் மென்பொருளுக்கு எல்லா அறைகளின் சாவியும் தெரியும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ‘சோலார்விண்ட்ஸ்’ நிறுவனத்தின் ‘ஓரையன்’ என்னும் கண்காணிப்பு மென்பொருளில் திருடர் கள்ள நிரலைப் புகுத்தியிருந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளரிடம் அது சென்று சேர்ந்திருந்தது. அரசாங்க அலுவலகங்களும் அவற்றுள் அடங்கும். வேலியே பயிரை மேய்வதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எனவே அம்மென்பொருளுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுத்து, மாற்றும் உரிமையைக் கூடியவரை கொடாதிருப்பது நன்று. அது நின்றுபோனால் அதனை அறிவிக்க வேறோர் இடத்தில் சிறு காவல் ஒன்றும் வேண்டும். மணியே ஒலியாத இரவு நல்லிரவும் ஆகலாம். மணியே செத்துப்போன இரவும் ஆகலாம்.

நம் நகரத்தில் நிகழ்ந்த துயரம் ஒன்றைக் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. ஸ்ட்ராண்ட் ரோட்டில் உள்ள புதிய கொய்லாகாட் கட்டடம் ரயில்வே அலுவலகங்கள் நிறைந்தது. 2021 மார்ச் 8ஆம் நாள் மாலை அதன் 13ஆம் மாடியில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரரும் காவல் துறையினரும் ரயில்வே ஊழியருமாக ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் சிலரது உடல்கள் லிஃப்டிலே கிடந்தன. மின்சாரத்தை நிறுத்த நேர்ந்தமையால் சர்வர்கள் நின்று, கிழக்கு மண்டலத்தில் சீட்டு முன்பதிவு தடைப்பட்டது. நான் அவ்வழியே செல்லும்போதெல்லாம் நிமிர்ந்து அம்மாடியைப் பார்க்கின்றேன்.

சர்வர் மீண்டும் ஓடும். சீட்டு மறுநாள் கிடைக்கும். அந்த ஒன்பது பேர் மீளார். எவரையும் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. தீ எரியும்போது லிஃப்டில் ஏறலாகாது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அறிந்தது ஆபத்து வேளையில் காலுக்கும் கைக்கும் நினைவு வரவேண்டுமாயின், அமைதி வேளையில் பலமுறை பழகியிருக்க வேண்டும். கணிப்பொறிக் காவலும் அத்தகையதே. ஓர் இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்பதோடு, கட்டடம் முழுதும் இருண்டால் எந்த ஊரிலுள்ள மாற்று இயந்திரம் ஏற்றுக்கொள்ளும், அதனை இயக்க உத்தரவிடுபவர் யார் என்பதையும் முன்னரே எழுதி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்கவேண்டும். சேமித்து வைத்த பிரதியை மீட்டெடுத்துப் பார்த்தாலன்றி அது பிரதி என்று நம்பலாகாது. வெள்ளம் வருமுன் அணை கோலுவது என்பது இதுவே.

இத்தொழிலுக்குச் செல்லும் நம் இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த முதல் நாளே, "எந்த மணிக்கு எழவேண்டியவன் நான்? எழுந்து என்ன செய்யவேண்டும்? நான் எழாவிடின் அடுத்து யார்?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை ஏட்டில் இல்லையாயின் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லுவேன். பகல் 11 மணிக்கு உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். லேக் மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலை வாங்கி வர வேறு யாரையேனும் அனுப்புங்கள். கரக்பூரிலும் கார்டன் ரீச்சிலும் நம் முன்னோர் பலர் இரவு பகல் பாராது ரயில்களுக்காக விழித்திருந்தனர். அவர்கள் உறங்கும்போது வீட்டில் குழந்தைகளும் ஓசையின்றி விளையாடினர். அந்த மரியாதை இவர்களுக்கும் உரியது.