மூஞ்சியின் நீளம்

ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். பால் வெள்ளையா, மூக்கு ரோஜா நிறமா? கைப்பழக்கமுள்ள வளர்ப்புக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் தாயைப் பிடித்துவந்து நிறுத்துவார். “நிறம் எங்க போயிரப் போகுது அண்ணாச்சி, மொதல்ல மண்டையைப் பாருங்க.”

நெற்றியில் கட்டைவிரலை வைத்து மூக்கு நுனிவரை இழுத்துக் காட்டுவார். கண்களுக்கு நடுவே பள்ளம் லேசாகத்தான் தட்டுப்பட வேண்டும். விரல் சட்டென்று கீழே விழுந்தால், மேலுதடும் தொங்கினால், எங்கோ கிரேட் டேன் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவார். பருமனான நாய் கேட்கிறவர்களுக்காகச் செய்யப்படும் கலப்பு அது. வெள்ளையை மட்டும் பொறுக்கி இணைசேர்த்தால் நிறம் சில தலைமுறையில் திரும்பிவிடும். மண்டை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு மண்டை இன்னும் ஒடுக்கம். மேலிருந்து பார்த்தால் மர ஆப்பு மாதிரி இருக்கும். தேனிப் பக்கத்துக் கோம்பை நாய்க்கோ மண்டை அகலம், மூஞ்சி கறுப்பு, தாடை கெட்டி. ராஜபாளையம் நாய் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியைத் துரத்தவும் வேண்டியிருந்தது, கவ்விப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டை படிப்படியாக முடிந்தது. 2021 முதல் அந்த மலை புலிகள் காப்பகம். வேலை போனாலும், அந்த வேலைக்கு அமைந்த தலை இருக்கிறது.

தலை நீளம் வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. நீள மூஞ்சி நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் குறுக்கே ஒரு பட்டையாகப் பரவியிருக்கின்றன, குட்டை மூஞ்சி நாய்களில் அவை நடுவில் குவிந்திருக்கின்றன என்று சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவி குழுவினர் 2004இல் எழுதினார்கள். தொலைவில் ஓரமாக ஓடும் முயலைப் பிடிக்க எந்தக் கண் தோது என்று கரிசல்காட்டு நாய்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னால் ஓடிய பக் நாய் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. மூஞ்சி குறுகியதில் மூச்சுப்பாதையும் குறுகிப்போன இனம். நாய்கள் உடல் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கின்றன. சித்திரை வெயிலில் பக் குறட்டை விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது மூச்சுக்குத் திண்டாடுவது. இந்த வெக்கையில் அதை வளர்ப்பது நாய்க்குச் செய்யும் கொடுமை.

குட்டியின் மூஞ்சியைப் பார்த்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. பிறக்கும்போது எல்லா இனமும் உருண்டை முகம்தான். நீளம் பிறகுதான் ஏறும். அதனால் தாயையும், முடிந்தால் தகப்பன் கடுவனையும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள். அப்படியே குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. தாயைக் காட்ட மறுக்கிற இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.