புதுக்கோட்டைச் சைக்கிள்

புதுக்கோட்டைக்கு வருகிற பிரயாணிகள் சாதாரணமாய் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் சந்நிதி, அங்கேயே பொருட்காட்சிசாலை, ஊருக்குள் வந்தால் நூல் பிடித்தாற்போல் செல்லும் ராஜவீதிகள், ஸமஸ்தான காலத்து அரண்மனை. அதில் இப்போது கலெக்டர் கச்சேரி நடக்கிறது. பிறகு ஒரு வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு சித்தன்னவாசலுக்குப் போய், விதானத்துச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து வலியுடன் திரும்புவார்கள். இவையெல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் இந்த ஜில்லாவின் அதிசயங்களில் ஒன்று, நான் புரட்டிய வழிகாட்டிப் புத்தகங்கள் எதிலும் இல்லை. அது ஓரிடத்தில் நிற்காமல் ரஸ்தாவில் ஓடிக்கொண்டே இருப்பதால், அதை யாரும் ஒரு ஸ்தலமாகக் கணக்கிடவில்லை போலும்!

தைப் பொங்கல் விடுமுறைக்குத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தேன். சித்தன்னவாசலைப் பார்த்து வெகு காலமாயிற்று, போய் வரலாம் என்றேன். தம்பி காரின் சாவியை எடுத்தான். எனக்கோ திண்ணையோரம் சாய்த்திருந்த சைக்கிளின் மேல் கண் போயிற்று. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் அவனுடைய மகளுக்குச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அது.

"பதினாறு கிலோமீட்டர் அக்கா! போக மட்டும் பதினாறு!" என்றான் தம்பி. அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டரை விட்டு இறங்காத இந்த நாற்பத்தாறு வயது உபாத்தியாயினியை எங்கிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வர நேருமோ என்ற கவலை மட்டும் முகத்தில் தெரிந்தது. என் தாயார் தாம் படித்துக்கொண்டிருந்த தினசரியிலிருந்து தலை நிமிராமலே, "காத்து இருக்கான்னு அமுக்கிப் பாத்துட்டுப் போ" என்றாள்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் வீட்டில் சைக்கிளைப் பற்றிப் பேசப் பூரண அதிகாரம் உள்ளவள் அவள்தான்.

1991-ஆம் வருஷம் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறியாத பெரியவர்களை மாலை வேளைகளில் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் உட்கார வைத்து, ஊர்த் தொண்டர்களே எழுத்துக் கற்பித்தார்கள். தொண்டர்களில் பெண்கள் பலர். நாலு கிராமம் சுற்ற வேண்டிய பெண் பஸ்ஸை நம்பினால் காரியம் நடக்காது. புருஷன் அல்லது தமையனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதென்றால், அவனுக்கு ஒழிந்த நேரம்தான் அவளுக்கு நேரம். எனவே, எழுத்துக் கற்பதுபோலச் சைக்கிள் கற்பதும் இயக்கத்தின் பாடங்களில் ஒன்றாயிற்று. அப்போது கலெக்டராயிருந்த ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத் இதில் மிகுந்த ஊக்கம் காட்டினார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி பாங்குகளையும் தூண்டினார். தொண்டர்களுக்கென்று ஆரம்பித்தது தொண்டர்களோடு நிற்கவில்லை. வயல்வேலைப் பெண்கள், கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸுகள், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். 1992-ஆம் வருஷம் சர்வதேசப் பெண்கள் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே நேரில் வந்து பார்த்து, 1996-ல் வெளியான தமது நூலில் இதை விவரித்திருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு.

லட்சம் என்பது பெரிய எண். நான் பார்த்தது ஒருத்தியைத்தான்.

எங்கள் கிராமத்தில் அறுவடை முடிந்த களத்துமேடுதான் பயிற்சி மைதானம். வாடகைக்கு எடுத்த சைக்கிள் ஒன்று. காத்திருக்கும் பெண்கள் இருபது பேர். ஒருத்தி ஏறுவாள், இருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், மூவருமாய்ச் சேர்ந்து வைக்கோற்போரில் விழுவார்கள். சிறு பையன்கள் குரங்குப் பெடல் போட்டுக் கற்கிறார்களே, அந்த வசதி சேலை கட்டிய பெண்களுக்கு ஏது? கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினால், களத்தோரம் குந்தியிருக்கும் ஆண்பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அந்த வார்த்தைகளை இங்கே எழுதுவது முறையல்ல. என் தாயாரின் முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து, மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு படுத்திருந்த ராத்திரி எனக்கு நன்றாய் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் திரும்பவும் போனாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணாகிய எனக்குத்தான் வெட்கமாயிருந்தது!

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தூரத்தில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். இரண்டும் பள்ளிக்கூட மணியோடு ஒத்துப்போகாதவை. பெண்ணைத் தனியே அனுப்புவதா என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கையில், அம்மா கடனில் வாங்கிய சைக்கிளை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். முதல் மூன்று மாதம் நான் அதன் பின்னால் உட்கார்ந்து போனேன். பிறகு நானே ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒரு பட்டமும் உத்தியோகமும் கிடைத்த கதையை யாராவது கேட்டால், அந்தச் சைக்கிளிலிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பது என் வழக்கம்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது மன்னர் கல்லூரியைப் பற்றி நினைத்துக்கொண்டேன். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் சேர விரும்பியபோது எத்தனையோ ஆட்சேபங்கள் எழுந்தன. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதித்ததால் வழி பிறந்தது. ஒரு பெண் படிக்க ஒரு மகாராஜா வேண்டியிருந்தது! களத்துமேட்டில் விழுந்து எழுந்த பெண்களுக்கு மகாராஜா யாரும் இல்லை; ஸமஸ்தானமே 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஒரு கலெக்டரம்மாளும், வாடகை சைக்கிளும், கொஞ்சம் பிடிவாதமும் இருந்தன.

நகர எல்லை தாண்டியதும் காற்று மாறிவிட்டது. இருபுறமும் செம்மண், தைல மரக் காடுகள், இடையிடையே தண்ணீர் மின்னும் கண்மாய்கள். மாதம் தை ஆனபடியால் வெயில் இன்னும் கடுமை காட்டவில்லை. முதல் மூன்று கிலோமீட்டர் என் தொடைகள் என்னைத் திட்டின. அப்புறம் பழகிக்கொண்டன. காரில் போனால் 'மேடு' என்ற ஒன்று இந்தப் பாதையில் இருப்பதே தெரியாது. சைக்கிளுக்கு ஒவ்வொரு மேடும் தெரியும். அதற்குச் சன்மானமாக ஒவ்வோர் இறக்கமும் உண்டு.

வழியில் ஒரு டீக்கடையில் இறங்கினேன். அங்கே ஆண்பிள்ளை சைக்கிள் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்னால் கீரைக்கட்டு, ஹாண்டில்பாரில் பை. அதற்குச் சொந்தக்காரி அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள்.

"ஏம்மா, பொம்பளை சைக்கிள் கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"கிடைச்சுச்சு. நாந்தான் வேண்டாம்னேன்" என்றாள் அவள். "பாரு இல்லாத வண்டியில புள்ளையை எங்க வச்சுக்கிறது?"

உண்மைதான். அக்காலத்தில் பெண்கள் பலர் ஆண்பிள்ளை சைக்கிளையே விரும்பியதற்கு இதுதான் காரணம். சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவிலுள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் சுமையைக் கட்டிவிட்டால் ஒரு குடும்பமே நகர்ந்துவிடும். அந்த அம்மாள் கம்பியில் வைத்துப் போன பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறானாம். "கூப்பிட்டாக் கொண்டாந்து விடுவான். கூப்பிடணும்ல?" என்றாள்.

அந்த 'கூப்பிடணும்ல' என்ற ஒரு சொல்லை நான் பாக்கி வழியெல்லாம் அசை போட்டுக்கொண்டு போனேன். சைக்கிள் வருவதற்கு முன் என் தாயாரின் பொழுது எப்படிக் கழிந்தது என்று எண்ணிப் பார்த்தேன். பாதிப் பொழுது காத்திருப்பிலேயே போயிற்று. பஸ்ஸுக்குக் காத்திருப்பாள், சந்தைக்கு அழைத்துப் போக அப்பாவுக்குக் காத்திருப்பாள், மருந்து வாங்கிவரச் சித்தப்பாவுக்குக் காத்திருப்பாள். தண்ணீருக்கு மாத்திரம் காத்திருக்க வேண்டியதில்லை, நடக்க வேண்டும். ஒரு நடைக்கு ஒரு குடம். சைக்கிள் வந்த பின் பின்னால் இரண்டு குடங்களைக் கயிற்றால் கட்டி ஒரே நடையில் கொண்டுவந்தாள். கத்தரிக்காயைப் பஸ் நிறுத்தத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் சந்தை வரை கொண்டுபோய் விற்றாள். மிச்சமான நேரத்தில் என்ன செய்தாள்? பெரும்பாலும் வேறு வேலைதான். சில நாள், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அதுவும் அந்த வீட்டில் புதுக் காட்சிதான்.

ஆரோக்கியம் என்ற பேச்சே அப்போது எழவில்லை. சென்ற வருஷம் என் டாக்டர், இரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினம் அரை மணி தேகாப்பியாசம் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அம்மாவிடம் சொன்னேன். "அது எதுக்குத் தனியா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு மறந்துபோனேன். பிறகு ஒரு நாள், கிளாஸ்கோ சர்வகலாசாலையார் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சுமார் ஐந்து வருஷம் கவனித்ததில், காரிலோ பஸ்ஸிலோ வேலைக்குப் போகிறவர்களைக் காட்டிலும் சைக்கிளில் போகிறவர்களிடையே மரண அபாயம் 41 சதவிகிதம் குறைவாயிருந்ததாம். திடகாத்திரமுள்ளவர்கள்தாம் சைக்கிளில் ஏறுகிறார்கள் என்று ஆட்சேபிக்கலாம். அதற்கும் இடம் உண்டு. ஆனால் இவர்கள் தேகப்பயிற்சிக்கென்று போனவர்கள் அல்லர், ஆபீஸுக்குப் போனவர்கள் என்பதைக் கவனியுங்கள். நம் நகரங்களில் விடியற்காலையில் விலையுயர்ந்த சைக்கிளில் இருபது கிலோமீட்டர் சுற்றிவிட்டு, குளித்து முடித்தபின் கறிவேப்பிலை வாங்கக் காரை எடுக்கும் கனவான்களை எனக்குத் தெரியும். நான் அவர்களைக் கேலி செய்ய யோக்கியதை இல்லாதவள். நான் இருபது கிலோமீட்டரும் சுற்றாமல் ஸ்கூட்டரை எடுத்தவள்.

சித்தன்னவாசல் சேரும்போது மணி ஒன்பது. சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏழடிப்பட்டம் ஏறினேன். பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்து ஏறிப் போனால், சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள்; அவற்றில் ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து. கீழே அறிவர் கோயிலில் தாமரைத் தடாகச் சித்திரம். ஒன்பதாம் நூற்றாண்டில் இக்கோயிலைப் புதுப்பித்தவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. என் தொழிலைச் சேர்ந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். அவன் மதுரையிலிருந்து எதில் வந்தானோ!

திரும்பும் வழியில்தான் மனம் சஞ்சலப்பட்டது. காலையில் கீரைக்காரியைத் தவிர, சைக்கிளில் வந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியையும் நான் எதிர்ப்படவில்லை. ஸ்கூட்டர்கள் வந்தன, அவற்றைப் பெண்களே ஓட்டினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. களத்துமேட்டில் கற்ற தைரியந்தான் இயந்திரம் பூட்டிக்கொண்டு போகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பெட்ரோலுக்குக் காசில்லாத வீட்டுப் பெண்? அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அகலமான ரஸ்தாவில் லாரிகள் விரைகிற வேகத்தைப் பார்த்தால், பன்னிரண்டு வயதுப் பெண்ணை நானே சைக்கிளில் அனுப்புவேனா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு முறை நானும் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றேன்.

ஆறுதலும் உண்டு. நம் மாகாணத்தில் 2005-06 முதல் எல்லாச் சமூகத்து மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவிகளுக்கும் சர்க்கார் சைக்கிள் கொடுத்து வருகிறது. பீஹாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். உயர்நிலை வகுப்புகளில் சேரும் பெண்கள் தொகை 32 சதவிகிதம் உயர்ந்ததென்று பொருளாதார நிபுணர்கள் கணித்தார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமங்களிலேதான் பலன் மிகுதி என்பதும் அவர்கள் கண்டது. ஏழு கிலோமீட்டர் கணக்கு எனக்கு ஆராய்ச்சியில்லாமலே தெரியும்.

வீடு சேர்வதற்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் செயின் கழன்றது. நானே மாட்டினேன். கரி படிந்த கைகளோடு உள்ளே நுழைந்து, அன்றைய பிரதாபத்தையெல்லாம் தம்பி மனைவியிடம் அளந்தேன். பழைய கதையும் கூடவே வந்தது. என் படிப்புக்காக அம்மா முழங்கால் உரியச் சைக்கிள் கற்றதை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தினசரி தாழ்ந்தது.

"நீ எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறே" என்றாள் அம்மா. "உன் பள்ளிக்கூடத்தை எவ நெனச்சா அப்ப? காமாட்சி கோயில் திருவிழாவுக்கு ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்து இறங்குனா. பாத்தேன். எனக்கும் ஆசையா இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

முப்பத்து மூன்று வருஷமாய் நான் சொல்லிவந்த கதை அது. எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. அம்மா எழுந்து, கொசுவத்தைச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு. மோர் மிளகாய் தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்."

கடை தெருமுனையில்தான் இருக்கிறது. அவள் திரும்பி வர நாற்பது நிமிஷமாயிற்று.